அம்பாசடர் ஏன் கொதித்தது? ஒரு வாட்டர் பம்ப்பின் வரலாறு

காக்கநாட்டில் ஒரு சிறு பட்டறையில், 1980களைச் சேர்ந்த அம்பாசடர் ஒன்றுக்கு வாட்டர் பம்ப் மாற்றுவதை அண்மையில் நின்று பார்த்தேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்காலமாக அங்கே தொழில் செய்யும் மெக்கானிக் அண்ணன், கழற்றிய பம்ப்பை என் கையில் கொடுத்தார். விசிறி இதழ்கள் துருவேறி, விளிம்புகள் அரிக்கப்பட்டிருந்தன. அச்சைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, கசிவுத் துளையின் கீழே காவி நிறத்தில் நீண்ட கறை. தெர்மோஸ்டாட் எங்கே என்று கேட்டேன். “அது குளிர் ஊருக்கு வச்சது தம்பி. இங்க என்ன பனியா கொட்டுது?” என்றார்.

இந்தியாவில் ஒரு தொழில்நுட்பம் எவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டது என்பதன் சுருக்கம் அந்த விடையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

தொடக்ககால மோட்டார் வண்டிகள் பலவற்றில் வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கையை நம்பியே எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீர் சுழன்றது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியின் முதல் சுமார் 2,500 வண்டிகளில் பம்ப் இருந்தது. பிறகு செலவைக் கருதி அதை நீக்கிவிட்டார்கள். 1927இல் மாடல் ஏ வந்தபோது பம்ப் திரும்பி வந்தது. தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்று நம்புவோருக்கு இந்தச் சிறு உதிரிப்பாகம் ஒரு நல்ல மறுப்பு.

நம் கதை தொடங்குவது 1950களில். உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உடைய நிறுவனங்களுக்கே இனி இடம் என்று அரசு கொள்கை வகுத்த பின்னர், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே வண்டி பூட்டுவதை நிறுத்திக்கொண்டன. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அம்பாசடர் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. பின்னர் 1,489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தின் தட்பவெப்பத்துக்கு வரையப்பட்ட ஓர் ஏற்பாட்டைப் பல தலைமுறை ஓட்டுநர்கள் கேரளத்திலும் தமிழகத்திலும் சமாளிக்க வேண்டியிருந்தது.

எங்கே சமாளித்தார்கள் என்பதற்குக் கொச்சி – மூணாறு – போடி சாலையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1924 பெருவெள்ளம் மூணாற்றின் பழைய வழியையும் குண்டளை ரயில் பாதையையும் சிதைத்த பின்னர் அமைந்த பாதை அது; 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. கடல்மட்டத்தில் புறப்படும் வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டும். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். தாழ்ந்த கியரில் எஞ்சின் அதிகம் உழைக்கும். வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று குறையும். எல்லாச் சுமையும் பம்ப்பின் மேலும் விசிறியின் மேலும் விழும். அம்பாசடரில் இவ்விரண்டையும் டைனமோவையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது தளர்ந்தால் மூன்றும் தளரும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெப்பமானியையும் பார்க்கவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். நல்ல காலமாக, சீயப்பாறை, வாளற அருவிகள் சாலையோரத்திலேயே விழுகின்றன.

ஆனால் மலையேற்றம் நோயை வெளிப்படுத்துமே தவிர, நோய்க்குக் காரணம் பெரும்பாலும் அதுவன்று. அண்ணனின் “குளிர் ஊர்” என்ற சொல்லுக்கு இங்கேதான் திரும்பவேண்டும். எஞ்சின் வெப்பத்தின் கீழெல்லையைக் காப்பதே தெர்மோஸ்டாட்டின் வேலை. பழுதாகி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் அதுவே கொதிப்புக்குக் காரணம். நல்ல நிலையில் உள்ளதைக் கழற்றுவதால் மலையில் ஆதாயம் இல்லை. சமவெளியிலோ எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகித் தேய்மானம் கூடுகிறது.

கூலன்ட் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. ‘உறைதடுப்பி’ என்ற பொருளில் அமைந்த அதன் ஆங்கிலப் பெயரே நம்மை ஏமாற்றியது. உறைபனி இல்லாத ஊருக்கு அது எதற்கு என்று ஊர்தோறும் குழாய் நீரையும் கிணற்று நீரையும் ஊற்றினார்கள். அந்தத் திரவத்தில் துருத்தடுப்பு வேதிப்பொருள்களும் உண்டு என்பதைப் பெயர் சொல்லவில்லை. காயலோரக் கொச்சியின் உப்புக் கலந்த கிணற்று நீரை ஊற்றினால் பம்ப்பின் இதழ் அரிக்கும், துகள்கள் சீலைத் தேய்க்கும், ரேடியேட்டர் குழாய்களில் படிவு அடையும். என் கையிலிருந்த பம்ப்பின் மரணக் காரணம் அதுதான். ஒரு சொல்லின் பொருள் ஓர் உலோகத்தை அரித்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ரேடியேட்டர் மூடியின் கதையும் இதனோடு சேர்ந்தது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி கொதிநிலையைப் பத்துப் பாகைக்கு மேல் உயர்த்தும். அதன் ரப்பர் செத்துவிட்டால் புதுப் பம்ப் போட்டும் பயன் குறைவு. 1990களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், பிரிட்டனில் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவொன்றின் இயந்திரங்களை வாங்கிவந்து, அந்நிறுவனத்துக்கே ரேடியேட்டர் மூடிகளை அனுப்பத் தொடங்கியது. நாற்பதாண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுச் சென்ற நிறுவனம் அது என்பதை நினைக்கையில் சிரிப்பு வருகிறது.

டேவிட் ஆர்னால்டு இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பங்களை ஆராய்ந்தபோது சைக்கிள், தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கை எடுத்துக்கொண்டார். கண்டுபிடிப்பைவிடப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் வரலாறாக எழுதவேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். இவ்விரண்டையும் வகுப்பறையில் படிக்கிறோம், பட்டறைக்குப் போவதில்லை. அம்பாசடரைப் பற்றிய நம் எழுத்துகளில் அமைச்சர்களும் சிவப்பு விளக்கும் நிறைய வருகின்றன. கசிவுத் துளை வருவதில்லை.

அண்ணன் பழைய காஸ்கெட்டைத் தகடால் சுரண்டி எடுத்து, புதியதில் கிரீஸ் தடவி வைத்தார். நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராக முறுக்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி அரை அங்குலத் தொய்வு பார்த்தார். கூலன்ட் ஊற்றலாமா என்று கேட்டேன். வண்டிக்காரர் காசு கொடுத்தால் ஊற்றலாம் என்றார். தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்து காட்டச் சொன்னேன், உள்ளே காலி. பழைய ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் உரிமையாளர்கள் நால்வர் பெயரும் இருந்தன. அதை எடுத்தவர் யார், எந்த ஆண்டு எடுத்தார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை.