மொழி வகுப்பில் சமூக, மனவெழுச்சிக் கற்றல் (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள்)

தன் உணர்வை அறிதல், அதை ஆளுதல், பிறர் நிலையை உணர்தல், உறவு பேணல், பொறுப்போடு முடிவெடுத்தல் ஆகிய ஐந்து திறன்களைப் பாடத்தோடு சேர்த்துப் பயிற்றும் முறை. இப்பகுப்பைப் பரப்பிய காசெல் அமைப்பு 1994இல் தோன்றியது. 1968இல் நியூ ஹேவன் நகரத் தொடக்கப்பள்ளிகளில் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் தொடங்கிய பணியையே இதன் முன்னோடியாகச் சொல்வது வழக்கம். உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்புக்கு அது பாதி வரலாறுதான்.

மீதிப் பாதி 1938இல் தொடங்குகிறது. படைப்பின் பொருள் தாளில் மட்டும் இல்லை, படிப்பவரும் படைப்பும் கூடுமிடத்தில்தான் பிறக்கிறது என்று இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் ‘லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளோரேஷன்’ நூலில் வாதிட்டார். நாவல் கிளப்பிய கோபத்தையும் குழப்பத்தையும் மாணவர் முதலில் பேசலாம். ஆனால் பிறகு நூலுக்குத் திரும்பி, அந்த உணர்வுக்கு அதில் இடமுண்டா என்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டாம் படியைப் பின்வந்தவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். அதே ஆண்டு வெளியான, திறனாய்வாளர்கள் புரூக்ஸ், வாரன் இருவரின் ‘அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி’ கவிதையின் கட்டமைப்பை முன்னிறுத்தியது; பல பத்தாண்டுகள் அதன் கையே ஓங்கியிருந்தது.

காசெல் தோன்றிய 1994இல், கலிபோர்னியாவின் லாங் பீச்சில் எரின் குருவெல் என்ற இளம் ஆங்கில ஆசிரியை பணியில் சேர்ந்தார். கறுப்பின மாணவன் ஒருவனை இழிவாக வரைந்த கேலிச்சித்திரம் வகுப்பில் கைமாறியபோது, நாஜிகளின் யூத வெறுப்புப் படங்களும் இப்படித்தான் இருந்தன என்றார். யூதப் படுகொலை பற்றி மாணவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைப் படிக்கவைத்தார். சுமார் 150 பேர் தங்கள் நாட்குறிப்புகளை எழுதினர். பெயர்களுக்குப் பதில் எண்களுடன் அவை 1999இல் நூலாக வந்தன.

இத்தகைய பயிற்சிக்கு முறைப்படுத்தப்பட்ட வடிவம் யேல் பல்கலைக்கழகத்தின் ரூலர் திட்டத்தில் கிடைத்தது. அதன் படிகள் இவை: உணர்வைக் குறிக்கும் ஒரு சொல். அதை மாணவர் உணர்ந்த தருணம். பாடத்தில் அதற்கு ஈடான பாத்திரம். வீட்டுப் பெரியவரிடம் கேட்ட அனுபவம். முடிவில் சொந்தக் கதை.

இல்லினாய் 2004இல் இக்கற்றலுக்கு மாநிலத் தர அளவுகளை வகுத்தது. 213 திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, பங்கேற்றோரின் கல்வித் தேர்ச்சி 11 சதமான நிலை உயர்ந்ததாகக் காட்டியது. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் தொடக்கப்பள்ளிக்குரியவை. உயர்நிலைப் பள்ளிகளின் பங்கு சொற்பம்.

நாட்குறிப்பு எழுதவைக்கும் ஆசிரியருக்குச் சட்டக் கடமையும் உண்டு. மாணவர் வதைக்கப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே, எதை ரகசியமாக வைக்க இயலாது என்பதை எழுதத் தொடங்குமுன்பே வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது.