மைனர்: ஒரு சொல்லின் கதை

"மைனர்" என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வயதானவர்களைக் கேட்டால் பட்டு ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், வாயில் வெற்றிலை என்று ஒரு உருவத்தைச் சொல்வார்கள். பேப்பர் படிப்பவர்களுக்கு "மைனர் பெண் கடத்தல்" என்ற தலைப்பு ஞாபகம் வரும். வங்கிக்குப் போனால் மைனர் கணக்கு. எங்கள் கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் நின்றால் "மைனர் ஆபரேஷன்தான், பயப்படாதீங்க" என்று யாராவது யாரையாவது தேற்றிக் கொண்டிருப்பார்கள். தாலுகா ஆபீசில் பழைய நிலப் பத்திரம் பார்ப்பவர்களுக்கு "மைனர் இனாம்" தெரியும். (தமிழ்நாட்டில் மைனர் இனாம்களை ஒழிக்க 1963-ல் தனிச்சட்டமே வந்தது.)

ஒரே சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள்!

லத்தீன் மொழியில் மைனர் என்றால் "சிறியது" என்றுதான் பொருள். வயதுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆசியா மைனர், இசையில் மைனர் ஸ்கேல், கிரானைட் குவாரிக்காரர்கள் சொல்லும் மைனர் மினரல் எல்லாம் அந்தப் பொருளில் வருபவைதான். சட்டம்தான் அதை வயதோடு கட்டிப் போட்டது. "சிறியவர், அதனால் கையெழுத்துப் போட முடியாதவர்" என்று ஆக்கியது. சரி, அந்த "சட்டப்படி சிறியவர்" தமிழில் எப்படி "உல்லாசப் பேர்வழி" ஆனார்? இதற்கு ஜமீன்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஜமீன்களும் மைனர்களும்

1802-ல் ஆங்கிலேயர்கள் சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். பாளையக்காரர்கள் ஜமீன்தார் ஆனார்கள். ஆண்டுதோறும் குறிப்பிட்ட வரியைக் கட்ட வேண்டும். ஜமீன்தார் இறந்து வாரிசு சின்னப் பையனாக இருந்தால் வரியை யார் கட்டுவது? அதற்காக 1804-ல் "கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்" என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். வாரிசுக்கு வயது வரும் வரை ஜமீனைச் சர்க்காரே நிர்வகிக்கும், பையனின் படிப்பையும் சர்க்காரே பார்த்துக் கொள்ளும்.

ராமநாதபுரம் நல்ல உதாரணம். பாஸ்கர சேதுபதி 1868-ல் பிறந்தவர். 1873-ல் தந்தை இறந்தபோது சிறு குழந்தை. 1889-ல்தான் சமஸ்தானம் அவர் கைக்கு வந்தது. விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்ற அதே சேதுபதிதான் இவர்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 1875-ல் வந்த இந்திய மேஜாரிட்டி சட்டப்படி எல்லோருக்கும் 18 வயதில் மைனர் பருவம் முடிந்துவிடும். ஆனால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், நீதிமன்றம் கார்டியன் நியமித்தவர்களுக்கும் 21 வயது! அதற்கு முன்பு இந்து சாஸ்திர முறைப்படி சுமார் 16 வயதிலேயே பையன் பெரியவனாகிவிடுவான். அதாவது குடியானவர் வீட்டுப் பையன் 18-ல் மேஜர், ஜமீன் வீட்டுப் பையன் 20 வயதிலும் மைனர். மீசை முளைத்து, குதிரை ஏறி, கையில் செலவுக்குப் பணமும் வைத்துக்கொண்டு, ஆனால் எந்தப் பொறுப்பும் இல்லாமல் திரிந்த ஒரு இளைஞனை ஊர் "மைனர்" என்று கூப்பிட்டது. நாளடைவில் வயது போய்விட்டது, பொறுப்பில்லாமை மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது என்பது என் கணிப்பு. அதனால்தான் நாற்பது வயதுக்காரரையும் "மைனர்" என்று கிண்டல் செய்ய முடிகிறது.

இன்னொரு வேடிக்கை. "மேஜர்" என்ற சொல்லுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. நமக்கு மேஜர் என்றால் ராணுவம், இல்லாவிட்டால் மேஜர் சுந்தர்ராஜன்! (அவருக்கும் அந்தப் பெயர் 'மேஜர் சந்திரகாந்த்' மூலமாக வந்ததுதான்.)

நியூயிங்டன் கொலை வழக்கு

மைனர் ஜமீன்தார்களைப் படிக்க வைக்க சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் ஒரு பள்ளி இருந்தது. அதன் முதல்வர் டி லா ஹே என்ற ஆங்கிலேயர், 1919 அக்டோபரில் ஓர் இரவு தூங்கிக் கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படித்த கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் மைனர்கள் கைதானார்கள். சிங்கம்பட்டி மைனர் அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டது. கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலைதான் தீர்ப்பு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த வழக்குச் செலவால் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் மூழ்கியது என்றும், அதை அடைக்கத்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்த காட்டைக் குத்தகைக்கு விட்டது என்றும் திருநெல்வேலிப் பக்கம் சொல்கிறார்கள். 1929-ல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 8,373 ஏக்கருக்கு மேல், 99 ஆண்டுக் குத்தகை. அதுதான் மாஞ்சோலை. அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணியில் உயிர்விட்டார்கள். குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு முன்பே 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பும் வேலை தொடங்கியது. "மைனர்" என்ற சொல்லைத் தேடிப் போனால் கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

புதுச்சேரியில் மைனர்

நம்ம ஊருக்கு வருவோம். பிரெஞ்சு சிவில் சட்டப்படி மேஜர் வயது 21. அதை அவர்கள் 18 ஆகக் குறைத்தது 1974-ல்தான். 1881 அரசாணைப்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏற்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் அந்த 21 பொருந்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் 18. ஒரே பையன், இந்தப் பக்கம் மைனர், அந்தப் பக்கம் மேஜர்!

அதைவிடப் பெரிய விஷயம் 1962-ல் நடந்தது. இந்தியாவும் பிரான்சும் 1956-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாத, திருமணமாகாத பிள்ளைகளுக்கு? அப்பா முடிவு செய்வார், அவர் இல்லையென்றால் அம்மா. ஆனால் 16 வயது தாண்டிய, திருமணமான பையன் தானே முடிவு செய்யலாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரே தெருவில் 17 வயதுப் பையன்கள் இரண்டு பேர். ஒருவனின் அப்பா எழுதிக் கொடுத்தார், இன்னொருவனின் அப்பா "எதுக்குடா வம்பு" என்று விட்டுவிட்டார். ஒருவன் குடும்பத்துக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், இன்னொருவன் குடும்பத்துக்கு இல்லை. பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்த வித்தியாசம் தொடர்கிறது. அந்தப் பையன்களை யாரும் கேட்கவில்லை. காரணம், அவர்கள் மைனர்.

இப்போது?

ஜமீன்தார்களுக்காக வைத்த அந்த 21 வயது விதி 1999-ல் வந்த திருத்தத்தால்தான் ஒழிந்தது. ஜமீன்கள் ஒழிந்து சுமார் ஐம்பது ஆண்டு கழித்து! ஓட்டுரிமை வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆனது. கல்யாணத்துக்கு எப்போதும் தனிக்கணக்கு. 1875 சட்டமே கல்யாணம் எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக் கொண்டது. 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 14 வயதுதான் வைத்தார்கள். சொத்தை விற்கக் கையெழுத்துப் போட முடியாத பெண், தாலி கட்டிக்கொள்ள மட்டும் பெரியவள்! அது 18 ஆனது 1978-ல்.

கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. மது வாங்க இங்கே 18, அங்கே 21. பழைய எல்லையில் அதே பழைய கணக்கு, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

ஒன்று மட்டும் என் மனதில் உறுத்துகிறது. ஆணுக்குச் சொன்னால் "மைனர்" என்பது ஒரு ஜம்பம், ஒரு கிண்டல். பெண்ணுக்குச் சொன்னால் அது பெரும்பாலும் ஒரு போலீஸ் வழக்கு. ஒரே சட்டத்தில் பிறந்த ஒரே சொல்தான். ஜமீன் வீட்டுப் பையனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, கூலி வேலைக்குப் போன பெண் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அந்தச் சொல்லே காட்டிக் கொடுக்கிறது. அடுத்த முறை யாரையாவது "என்ன மைனர்!" என்று கூப்பிடும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்.