புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் உரும்பிராய்ச் செம்மண்ணும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கோண்டாவிலைக் கடந்ததும் உரும்பிராயின் செம்மண் தோட்டங்களைக் காண்பர். ஆறில்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கற் படையில் தேங்கும் நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துப் பயிர் செய்யும் மரபு இங்கு நெடுங்காலமாக நிலவுகின்றது. வலிகாமத்தின் இச்செம்மண் நிலத்திலே தலைமுறை தலைமுறையாக விளைந்த பணப்பயிர் புகையிலையாகும். அதே பயிரின் நுகர்வைக் கட்டுப்படுத்துவதற்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையைத் தெற்காசிய நாடுகள் எவ்வாறு சட்டமாக்கின என்பதையும், அச்சட்டங்களிலே புகையிலையைப் பயிரிடுவோருக்குக் கிடைத்த இடம் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பயிரும் சந்தையும்

புகையிலை போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். ஒல்லாந்தர் காலத்திலே மலையாளக் கரையுடன் நடைபெற்ற புகையிலை வணிகம் யாழ்ப்பாணப் பொருளாதாரத்தின் முதன்மையான கூறுகளுள் ஒன்றாய் விளங்கியது. பிரித்தானியரும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சில காலம் இவ்வணிகத்தைத் தமது தனியுரிமைக்குள் கொண்டுவந்தனர். மறுகரையிலே திருவிதாங்கூர் அரசும் புகையிலையைத் தனியுரிமைப் பொருளாகவே வைத்திருந்தது. திவான் மாதவராயர் காலத்தில், 1863இல், அத்தனியுரிமை நீக்கப்பட்டு அதனிடத்தில் இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. கேரளத்தில் 'ஜாப்பாணம் புகையில' என்னும் பெயர் நிலைத்துவிட்டமை இத்தொடர்பின் ஆழத்துக்குச் சான்றாகும்.

இவ்வணிகத்தின் பின்னே நின்ற உழைப்பை நாம் மறத்தலாகாது. துலா மிதித்து நீர் இறைத்தல், குழை தாழ்த்தல், ஆட்டுப்பட்டி அடைத்தல், பக்கக் குருத்துகளைக் கிள்ளுதல், வெட்டிய இலையைக் குடிலில் இட்டுப் புகையூட்டுதல் ஆகிய யாவும் கைவேலைகளே. இவற்றிற் பெரும்பகுதியைச் செய்தோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினராவர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆகவே, 'புகையிலைச் செய்கையாளர்' என்னும் ஒரு சொல்லுக்குள் தோட்ட உரிமையாளர், குத்தகைக்காரர், நாட்கூலியாளர் என வேறுபட்ட நலன்களையுடைய பிரிவினர் அடங்குவர்.

20ஆம் நூற்றாண்டிலே மலையாளச் சந்தை சுருங்கியபோது, உள்நாட்டுச் சுருட்டுத் தொழிலும் வெற்றிலையுடன் மெல்லும் வழக்கமும் இப்பயிரைத் தாங்கின. எனினும், 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சியொன்று சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அக்காலத்து அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதனால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. குடாநாட்டுக் கமக்காரர் அப்பயிர்களைப் பெருமளவிற் செய்து வளம் பெற்றனர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் அவ்வளம் சரிந்தது. யாழ்ப்பாணக் கமக்காரர் புகையிலையை மட்டுமே பற்றி நிற்பவரல்லர்; உறுதியான சந்தை கிடைக்கும்போது வேறு பயிரை விரும்பி ஏற்பவர் என்பதை இது காட்டுகின்றது.

2. சமவாயமும் சட்டங்களும்

புகையிலையால் விளையும் கேடு இன்று விவாதத்துக்குரிய விடயமன்று. சுருட்டு, பீடி, சிகரெட் என்பவை மட்டுமன்றி, மெல்லும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும். புகையிலை சேர்ந்த வெற்றிலையை மெல்லுதல் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவதென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் வகைப்படுத்தியது. தெற்காசியாவிலே வாய்ப்புற்று மிகுந்து காணப்படுதற்கு இவ்வழக்கம் முதன்மையான காரணமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பிலே, உறுப்பு நாடுகளைப் பிணிக்கும் சமவாயங்களை ஆக்கும் அதிகாரத்தை 19ஆம் உறுப்புரை வழங்குகின்றது. அவ்வதிகாரத்தின் வழி முதன்முதலாக உருவானது புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பான சட்டகச் சமவாயமாகும். 2003 மே 21ஆம் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்ட அது 2005 பெப்ரவரி 27ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2003 நவம்பரிலும், இந்தியா, மாலைதீவு, வங்காளதேசம், பூட்டான், பாகிஸ்தான் ஆகியன 2004இலும், நேபாளம் 2006இலும் அதனை உறுதி செய்தன.

இதனைத் தொடர்ந்த சட்டவாக்கம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இலங்கை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. சிகரெட் பெட்டியிலே பட எச்சரிக்கை இடும் ஒழுங்குவிதி நீதிமன்றத்திற் சவாலுக்குட்பட்டு, எச்சரிக்கையின் பரப்புக் குறைக்கப்பட்டது. பின்னர் 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 சதவீதமாக்கியது. பூட்டான் 2004இல் விற்பனையையே தடை செய்தது. எனினும் எல்லை கடந்த கடத்தலைத் தடுக்க இயலாது, 2021இல் அத்தடையை நீக்கியது. இந்தியா 2003இல் விளம்பரத்தையும் பொது இடங்களிற் புகைத்தலையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது. ஆயின், 1975இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட புகையிலை வாரியம் ஏற்றுமதியை வளர்க்கும் பணியைத் தொடர்ந்தது. ஒரே அரசின் ஒரு கை தடுப்பதை மறு கை வளர்க்கும் இம்முரண்பாடு வருவாய்க்கும் நலவாழ்வுக்கும் இடையிலான முரண்பாடேயாகும்.

3. கவனிக்கப்படாத இரு உறுப்புரைகள்

மேற்கூறிய சட்டங்கள் யாவும் விற்பவரையும் நுகர்பவரையுமே பெரிதும் நோக்கின. ஆயின் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, புகையிலைத் தொழிலாளர், செய்கையாளர், சிறு விற்பனையாளர் ஆகியோருக்குப் பொருளாதார வகையில் நிலைக்கக்கூடிய மாற்று வழிகளை ஊக்குவிக்குமாறு கூறுகின்றது. 18ஆம் உறுப்புரை, செய்கையின்போது சுற்றாடலையும் மனிதரின் உடல்நலத்தையும் காக்குமாறு வேண்டுகின்றது. தொழிலாளர் செய்கையாளரிலும் முன்னதாகக் குறிப்பிடப்பட்டமை கருதத்தக்கது. பனியில் நனைந்த இலையைத் தொட்டு வேலை செய்வோரின் தோலினூடாக நிக்கொட்டின் உடலிற் கலந்து, குமட்டலையும் தலைச்சுற்றையும் உண்டாக்கும். புகையாதவரும் மெல்லாதவருமாகிய கூலியாளரையும் இந்நஞ்சு தீண்டுகின்றது.

இச்சமவாயத்துக்கான பேச்சுக்கள் ஜெனீவாவில் 2000ஆம் ஆண்டுக்கும் 2003ஆம் ஆண்டுக்கும் இடையே நடைபெற்றன. அப்போது வடபுலம் போரிலும், 2002இன் போர்நிறுத்தத்தின் பின் மீள்குடியேற்றத்திலும் ஆழ்ந்திருந்தது. அம்மண்டபத்தில் வலிகாமத்துக் கூலியாளரின் குரல் ஒலித்திருக்கும் எனக் கருதுவதற்கில்லை. 2014இல் மொஸ்கோவிற் கூடிய தரப்பினர் மாநாடு இவ்விரு உறுப்புரைகளுக்குமான கொள்கைப் பரிந்துரைகளை ஏற்றது. இலங்கை அரசும் 2020ஆம் ஆண்டளவிற் புகையிலைச் செய்கையை முடிவுறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு கடந்தும் செய்கை நிற்கவில்லை. நாள் குறிப்பது எளிது. சந்தையை ஆக்குவது அரிது.

மாற்றுப் பயிர் என்பதும் தன்னளவிற் குற்றமற்றதன்று. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இடப்படும் இரசாயன உரத்தின் நைத்திரேற்று, செம்மண்ணையும் சுண்ணக்கற் பிளவுகளையும் கடந்து குடிநீர்க் கிணறுகளைச் சேர்கின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியுள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டதாகும். ஒரு நோயை நீக்கும் கொள்கை மற்றொரு நோய்க்கு வாயிலாகலாகாது.

4. முடிவுரை

புகையிலைக் கட்டுப்பாடு வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. வாய்ப்புற்றால் மாள்வோருட் பெரும்பாலார் உழைக்கும் வறியவரே. செய்கையை ஒழிக்கும்போது முதலில் வருவாயிழப்பவரும் அவர்களே. எனவே நலவாழ்வு வேறு, வாழ்வாதாரம் வேறு எனப் பிரித்துச் சட்டமியற்றுதல் பொருந்தாது. விலை உறுதி, கூட்டுறவுச் சந்தை, நீர்வளத்துக்கு ஏற்ற பயிர்த்தெரிவு, நிலமற்றோருக்கான வேலை என்பன 17ஆம் உறுப்புரையின் உள்ளடக்கமாகச் சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். 1970களின் அனுபவம் இது இயலாததன்று என்பதை உணர்த்துகின்றது. அன்று விலை கிடைத்தபோது மாறிய கமக்காரர், விலை கிடைப்பின் இனியும் மாறுவர்.