சானடோரியம்: காற்றை மருந்தாக நம்பிய காலம்

செம்பாக்கம் போகிறவர்கள் இறங்கும் மின்ரயில் நிலையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். பேச்சில் தாம்பரமும் உதிர்ந்து வெறும் 'சானடோரியம்' ஆகிவிட்டது. காசநோயாளிகளைக் காற்றையும் வெயிலையும் கொண்டு குணப்படுத்த முயன்ற இடத்தின் பெயர் அது.

1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மருத்துவர்கள் கையில் இருந்தவை ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல சீதோஷ்ணம். ஐரோப்பாவில் மலைகளின் மேல் சானடோரியங்கள் எழுந்தன. குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்து நோயாளியைப் படுக்க வைத்தார்கள்.

அந்த முறையில் தேர்ந்தவர் மருத்துவர் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தினார். காசநோய் என்று கருதி 1917-ல் அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். அடுத்துத் தங்கிய மேட்லாக் சானடோரியத்திலிருந்து, கணப்பு மூட்டவே விடுவதில்லை, குளிரில் நடுங்குகிறேன் என்று ராமானுஜன் கடிதம் எழுதினார். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அதுதான் சிகிச்சை!

1928-ல் சௌரிமுத்து தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்குப் போனது. ஆல்ப்ஸின் பனிக்காற்றும் நல்ல காற்று, தாம்பரத்தின் சூடான காற்றும் நல்ல காற்று என்றால், குணப்படுத்தியது எது? அந்தக் கேள்விக்குப் பதில் சென்னையிலேயே கிடைத்தது.

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி தங்கள் வீட்டிலேயே, நெரிசலும் அரைவயிற்றுச் சாப்பாடுமாக. இருவருக்கும் ஒரே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவுகள் வெளியாயின. ஊர் மாறத் தேவையில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும் என்பது உலகம் முழுக்கச் சிகிச்சையை மாற்றியது. படுக்கைக்காகக் காத்திருந்த ஏழைகளுக்கு அது உயிர்.

அப்படியானால் பருவத்துக்கும் காசநோய்க்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் குணமாவதில் அல்ல, பரவுவதில். 2004-ல் வெளியான ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதிகம் பேருக்கு நோய் கண்டறியப்படுகிறது. தென்னிந்தியாவில் அந்த ஏற்ற இறக்கம் தெரியவில்லை. வடக்கே குளிர்காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் முடங்குகிறார்கள். அப்போது தொற்றியது சில மாதம் கழித்து வெளிப்படுகிறது என்பது ஒரு விளக்கம். நமக்கோ கதவை அடைக்க வைக்கும் குளிர் கிடையாது.

இருமும்போது வெளிவரும் கிருமி, அடைத்த அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். காற்றோட்டம் அதைக் கலைத்துவிடும், வெயில் கொன்றுவிடும். சௌரிமுத்து திறந்து வைத்த ஜன்னல் வீண் இல்லை. அது படுத்திருந்தவரைக் குணப்படுத்தவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரையும் தாதியையும் காப்பாற்றியிருக்கும்.

"இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல, கொஞ்ச நாள் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லும் உறவினர்கள் இன்றும் உண்டு. ஏசி போட்டு ஜன்னலை அடைத்துத் தூங்குவதும் நாம்தான். நோயாளிக்கு வேண்டியது மாத்திரை. ஜன்னல் கூட இருப்பவர்களுக்கு.