சிட்டம் கூறும் வரலாறு

செண்டாயான் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மண்வாரி இயந்திரம் புரட்டிப்போடும் மண்ணுள் என்ன கிடக்கிறது என்று நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. பார்ப்பதால் விளையும் பயனை அறியக் கெடா மாநிலத்துச் சுங்கை பத்து ஒன்றே போதும்.

பூஜாங் பள்ளத்தாக்கு என்றவுடன் தமிழர் நினைவில் எழுவது கடாரமும், கி.பி. 1025இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பும், கோயில்களின் அடித்தளங்களுமே. ஆனால், 2009ஆம் ஆண்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலார் அங்குள்ள செம்பனைத் தோட்டத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை வேறு வகையின. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், குவியல் குவியலாகக் களிமண் ஊதுகுழல்களும், இரும்புச் சிட்டமும் கிடைத்தன. பழைய ஆற்றங்கரையில் படகுத் துறைகளின் செங்கல் அடித்தளங்களும் தென்பட்டன.

உலையில் இரும்புக் கனியத்தையும் மரக்கரியையும் இட்டு, துருத்தியால் ஊதுகுழல் வழியே காற்றைச் செலுத்துவர். வெப்பம் மிக, கல்லும் மண்ணும் உருகிச் சிட்டமாகப் பிரியும். எஞ்சும் இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்துத் தூய்மை செய்வர். இரும்பு விலைபோய்விடும், விலைபோகாமல் பின்னாளில் துருப்பிடித்தும் அழியும். எவரும் விரும்பாத சிட்டமே தொழில் நடந்த இடத்தில் தங்கிச் சான்று பகரும். அதனோடு கிடக்கும் கரித்துண்டைச் சோதித்துக் காலத்தையும் கணிக்கலாம். இவ்வாறு சுங்கை பத்துவின் உருக்குத் தொழில் கி.பி. தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்தது எனக் கணித்தனர். அதற்கும் முற்பட்டது என்ற கருத்துப் பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடு இல்லை.

தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும் உருக்குலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரைகொண்டார். ஆயினும் இவ்வொற்றுமைகளைக் கொண்டு, சுங்கை பத்துவின் கொல்லர் தமிழரே என்று துணிதல் ஆய்வு நெறியாகாது. கடல்வழித் தொடர்பு ஒன்று. தொழில் செய்தவர் யார் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னதற்கு மண்ணே இனி விடைகூற வேண்டும்.

அந்த மண் நமக்காகக் காத்திராது. 2013ஆம் ஆண்டு அதே பள்ளத்தாக்கில், பதினோராம் எண்ணிட்ட பழைய கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. வழிபாட்டிடத்துக்கே அந்நிலை என்றால், கரிய கல்லெனத் தோன்றும் சிட்டத்தைக் காப்பவர் யார்?

தோட்டப்புறத்து மாணவர்க்கு இதனை உணர்த்துதல் ஆசிரியரால் இயலும். துளைகள் நிறைந்து, கையில் கனக்கும் கரிய கட்டியையோ, தீயில் வெந்த களிமண் குழலையோ கண்டால், அதை எடுத்துவரலாகாது. இடம்பெயர்ந்த சிட்டம் வெறுங்கல்லாகிவிடும். கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் அது சான்று. இடத்தைக் குறித்துக்கொண்டு அரும்பொருளகத்தார்க்கு அறிவித்தலே முறை.