தீப்பொறியும் ஈயமும்



பழைய மகிழுந்தைச் சீர்செய்வோர் இரண்டு அளவுகளைக் கண்ணுங் கருத்துமாய்ப் பார்ப்பர். ஒன்று, ஸ்பார்க் பிளக் முனைகளுக்கு இடையிலான இடைவெளி. மற்றொன்று, தீப்பொறி பறக்கும் நேரம். மலாயாச் சாலைகளில் 1950களில் மிகுதியாய் ஓடிய மோரிஸ் மைனருக்கு அவ்விடைவெளி சுமார் 0.64 மில்லிமீட்டர். குறைந்தால் பொறி நலிவுறும். மிகுந்தால் பொறி தாண்டாது. மெல்லிய தகடு ஒன்றைச் செருகி அளந்தால் அவ்வேலை முடிந்தது. நேரத்தின் வரலாறுதான் நீண்டது. அதில் ஒரு பள்ளி ஆசிரியரும் வருகிறார்!

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து அழுத்தம் பெறச் சற்று நேரம் பிடிக்கும். ஆதலால் பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே பொறி பறக்க வேண்டும். இயந்திர வேகம் கூடினால் இன்னும் முன்னதாக. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி மகிழுந்தில், ஸ்டியரிங்கின் கீழ் இடப்புறமிருந்த நெம்புகோலால் ஓட்டுநரே இந்நேரத்தை மாற்றினார். பொறியைப் பிந்த வைக்காமல் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றினால் இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். அதனால் கை முறிந்தோர் உண்டு.

அமெரிக்காவின் ஒஹாயோவில் 1876இல் பிறந்த சார்லஸ் கெட்டரிங், ஊர்ப் பள்ளிகளில் கற்பித்துவிட்டுப் பின்னர் பொறியியல் பயின்றவர். அவர் வகுத்த மின்கலப் பொறி ஏற்பாடு 1910ஆம் ஆண்டுக் கெடிலாக்கில் இடம்பெற்றது. கைப்பிடிக்கு விடைகொடுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கெடிலாக்கில் வந்தது.

அடுத்த சிக்கல், இயந்திரத்தில் எழும் ‘தட்டல்’. கூடுதல் ஆற்றலுக்காகக் கலவையை மேலும் அழுத்தினால், அதன் ஒரு பகுதி தானே வெடித்து டக் டக்கென ஒலிக்கும். பொறியைப் பிந்தவைத்தால் ஒலி அடங்கும். ஆனால் ஆற்றலும் குறையும். கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்று தட்டலை அடக்குவதை 1921 டிசம்பரில் கண்டறிந்தார். எரிசாராயமும் தட்டலை அடக்கும் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர். ஆயினும் ஈயம் சிறிதளவே போதும், காப்புரிமையும் கிட்டும். 1923இல் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

மறு ஆண்டே நியூ ஜெர்சி ஆலையொன்றில் அந்நச்சால் 5 தொழிலாளர்கள் மாண்டனர். மருத்துவர் ஆலிஸ் ஹமில்டன் 1925இல் வெளிப்படையாக எச்சரித்தார். ஓராண்டளவு நின்ற விற்பனை மீண்டும் தொடர்ந்தது. கற்பித்தலை அறிந்த ஒருவர் இதற்குத் துணைநின்றது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

1979இல் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், மாசசூசெட்ஸ் மாநிலத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்து வெளியிட்டார். ஈயம் மிகுந்த பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வில் பின்தங்கினர். அவர்களுடைய கவனக் குறைவை மதிப்பிட்டவர்கள் வகுப்பாசிரியர்களே. எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு ஈயம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஈயம் சுவர்ச் சாயத்திலிருந்தும் வந்தது உண்மை. ஆனால் பெட்ரோல் புகை ஒவ்வொரு தெருவிலும் இருந்தது.

சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோலை இறுதியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். பழைய வண்டி வைத்திருப்போர் இன்று தட்டல் ஒலி கேட்டால், டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தவைக்கின்றனர். மேட்டில் ஏறும்போது வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவே.