கல்லூரி ஏடுகளும் கணினிப் பதிவுகளும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், அரியாலையைக் கடந்த பின்னரே செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் காண்பர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அவர்களுட் பெரும்பகுதியினர் சென்ற வழி இதுவே. கையிற் கொள்ள முடிந்தவை சில. பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் மறவாமல் எடுத்தவர் பலர். ஆயின் ஒரு கல்லூரியின் சேர்விடாப்பையும் சம்பவத் திரட்டையும் தலையிற் சுமந்து செல்ல யாரால் இயலும்? (யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடமும் அடங்கும்; தமிழகத்து நேயர் மயங்க வேண்டா.) விட்டுச் சென்ற ஏடு மழைக்கும் கறையானுக்கும் எறிகணைக்கும் உரியதாயிற்று. ஏட்டின் ஒரு வரி அழிந்தால், தான் இன்ன ஆண்டில் இன்ன வகுப்பிற் பயின்றவன் என்று காட்ட ஒருவனுக்கு வேறு சான்று இல்லாமற் போகலாம். விடுகைப் பத்திரம் எழுதப்படுவது அந்த வரியைப் பார்த்தன்றோ?

ஒற்றைப் படியே ஆபத்துக்கு இடமானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெறலாம், பிறிதொரு படியில்லாத ஓலைச்சுவடியைத் தேடிப் பெறுதல் எங்ஙனம்? இதற்கு நேர்மாறான சான்று வட்டுக்கோட்டையில் உண்டு. அமெரிக்க மிஷன் 1823இல் அங்கே நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது. எனினும் அதன் வரலாற்றை இன்று விரிவாக எழுத முடிகிறது. மிஷனரிமார் பொஸ்டனிலிருந்த தலைமைச் சங்கத்துக்குக் கடிதங்களையும் அறிக்கைகளையும் ஓயாது அனுப்பி வந்தமையே காரணம். அக்கட்டுகள் இப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவர்கள் கருதியது கணக்கு ஒப்புவித்தலையே. விளைந்தது ஆவணக் காப்பு.

கணினி வந்ததும் இக்கவலை தீர்ந்ததென்று பலர் எண்ணினர். அங்ஙனம் தீரவில்லை. ஈழத்து அலுவலகங்களிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் தட்டெழுதிய பெயர்ப்பட்டியலை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையே திரையில் தோன்றும். கோப்பு அழியவில்லை, படிப்பார் கண்ணுக்கு அழிந்ததேயாம். அவ்வெழுத்துருவை நிறுவினாலோ யூனிகோட் முறைக்கு மாற்றினாலோ அன்றி அது மீளாது. பழைய பிளொப்பித் தட்டுகளின் கதியும் அதுவே: தட்டு இருக்கும், அதைப் படிக்கும் பொறி இராது. கறையானரித்த இடாப்பிலேனும் பாதிப் பெயர் எஞ்சும்.

இனி, எதை எவ்வளவு காலம் வைப்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச நிறுவனங்கள் தம் பதிவுகளை மின்னணு வடிவிற் பேண முயலவேண்டும் என்றும், புதிய பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் காக்கவேண்டும் என்றும் விதித்தது. பன்னீராண்டு என்பது பற்றுச்சீட்டுக்குப் போதும், சேர்விடாப்புக்குப் போதாது. முதுமையிலும் ஒருவர் தம் பள்ளிச் சான்றை வேண்டி வருதல் யாழ்ப்பாணத்திற் புதிதன்று. மறுபுறம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவரது விவரத்தைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருத்தலாகாது என்னும் நெறியை வகுத்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்துக் கால அட்டவணை ஒன்றை வகுப்பது எளிய வேலையன்று. ஆயினும் அவ்வேலையைக் கணினி செய்துவிடாது.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களையும் பாடசாலை மலர்களையும் படமாக்கி உலகெங்கும் படிக்கத் தந்துள்ளது. மலரை அவ்வாறு பரப்பலாம். மாணவர் இடாப்பைப் பரப்புதல் தகாது. அதன் படிகள் பூட்டப்பட்டு, ஒன்று கல்லூரியிலும் ஒன்று வலயக் கல்வி அலுவலகத்திலும் ஒன்று குடாநாட்டுக்கு வெளியிலும் இருத்தல் நன்று. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல மாதங்கள் முடங்கியது. ஆகையால், ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு படியையும் திறந்து படித்துப் பார்த்து, பார்த்த நாளைச் சம்பவத் திரட்டிற் குறித்துவைப்பது அதிபர் கடன். அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில், அலுமாரித் திறப்போடு கடவுச்சொற்களும் அடுத்தவர் கைக்குச் சேரவேண்டும்.